பணித்தது செய்தலும் அறிந்து செய்தலும்: செவிலியர் தொழிலொழுங்கின் வரலாற்றில் ஒரு கூறு

திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து', நோயின் காரணத்தில் தொடங்கி, உணவின் அளவில் நெடிது நின்று, மருத்துவன் செயலைக் கூறி, மருத்துவத்தின் நாற்கூற்றோடு முடிகின்றது. நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு வள்ளுவர் நான்காவதாகச் சேர்த்து எண்ணியது 'உழைச்செல்வான்' என்பவனை. உழை என்பது பக்கம். மருத்துவன் வந்து பார்த்துச் செல்பவன். இவனோ நோயாளியின் பக்கத்தினின்று நீங்காதவன். இவனை ஒழித்து மருத்துவத்தை எண்ணுதல் கூடாது என்பதே அக்குறளின் துணிபு.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்துக் காட்டுகின்றார். அருகிருந்து பணி செய்வானுக்கு அவர் கூறும் நான்கினையும் எம் சொல்லாற் கூறுமிடத்து, நோயாளியின்பால் அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, பணித்தவற்றைப் பணித்தவாறே செய்து முடிக்கும் ஆற்றல், அறிவு என அமையும். வாக்படரின் அட்டாங்க இருதயத்திலும் பணியாளனுக்குரிய குணங்கள் நான்கே. அவையும் அன்பு, தூய்மை, திறமை, அறிவு என இம்முறையிலேயே நிற்கின்றன. இவ்வொப்புமை தற்செயலாக நேர்ந்தது எனக் கொள்ளுதற்கில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வடநூலார் 'தக்ஷன்' என்னும் ஒரு சொல்லாற் பொதுப்படக் கூறிய திறமையைப் பரிமேலழகர் பணித்தது செய்யும் திறமை எனச் சிறப்பித்து விரித்தார். சரகர் வகுத்த நான்கனுள் ஏவல் கேட்டல் இல்லை. பேணும் முறையை அறிந்திருத்தல் என்பதே அவரிடத்து முன் நிற்கின்றது. சுசுருதரோ மருத்துவன் சொற்படி நடத்தலை வெளிப்படையாகவே கூறினார். ஆகவே உரையாசிரியர் விரித்த பொருள் மரபுக்குப் புறம்பானதன்று. மரபினுள்ளேயே இருந்த இரு போக்குகளுள் ஒன்றை அவர் தெரிந்தெடுத்து மற்றதன் அருகே வைத்தார் என்பதே பொருந்தும்.

பணித்தது செய்தலும் அறிவுடைமையும் அவ்வுரையில் அடுத்தடுத்து அமைதியாக நிற்கின்றன. இரண்டும் முரணுமிடத்து எதனைக் கொள்வது என்னும் வினா அங்கு எழவில்லை. எழ வேண்டிய தேவையும் அன்று இல்லை. அவ்வினாவை எழுப்பியது கடந்த நூற்றெழுபது ஆண்டுக்காலத்துச் செவிலியர் வரலாறு. அதனை விடுக்க முயன்றதே செவிலியர் தொழிலொழுங்கு என்பது யாம் ஈண்டு நிறுவக் கருதுவது. இதற்கு ஆங்கில நாட்டு நிகழ்ச்சிகளையே பெரிதும் எடுத்துக்கொள்கின்றோம். வழக்கு அங்கேதான் நெடிது நடந்தது, அதன் தீர்ப்பே பின்னர்ச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

அதற்கு முன்னர்ப் பெயர்களைச் சிறிது நோக்குதல் நன்று. 'உழைச்செல்வான்' வழக்கில் நிலைபெறவில்லை. இன்று தமிழ்நாட்டு எழுத்து வழக்கில் உள்ள 'செவிலி' அகப்பாடல்களிலிருந்து பெற்ற சொல். அங்குச் செவிலி நோயாளரைப் பேணுபவள் அல்லள். தலைவியை வளர்த்தவள், அவள் உடன்போகிய பின் தேடிச் சுரத்திற் செல்பவள், மகள் இல்லறம் நடத்தும் மனையைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவள். அவள் மகளே தோழி என்பது தொல்காப்பியத்தாற் பெறப்படும். எனவே இப்பெயர் அன்பு என்னும் முதற் குணத்தைத் தாங்கி வருகின்றது. இலங்கைத் தமிழர் வழங்கும் 'தாதி' பாலூட்டும் தாயைக் குறித்த வடசொல்லின் வழிவந்தது. தமிழிற் பணிப்பெண் என்னும் பொருளும் பெற்றமையின் ஏவல் கேட்டலின் நிழல் அதன்மேல் விழுந்துள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் 'நர்ஸ்' என்னும் சொல்லும் பாலூட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் அடியிற் பிறந்ததே. மருத்துவமனையில் நம் மக்கள் வாயில் வழங்குவதோ 'சிஸ்டர்' என்பது. துறவுச் சகோதரியர் நோயாளரைப் பேணிய காலத்தின் எச்சம் அது. அறிவு என்னும் நான்காம் குணத்தைத் தாங்கிய பெயர் இவற்றுள் ஒன்றுமில்லை. பெயர்கள் காட்டும் இக்குறையையே வரலாறும் காட்டுகின்றது.

1857 இல் இலண்டன் மாநகரத்துத் தூய தாமசு மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவராகிய ஜான் பிளின்ட் சவுத் என்பார் மருத்துவமனைச் செவிலியரைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். செவிலியர் வீட்டுப் பணிப்பெண்களின் நிலையினர், அவர்க்குக் கற்பிக்க வேண்டுவது மிகச் சிறிது என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை இன்று எள்ளி நகையாடுதல் எளிது. அக்காலத்துச் செவிலியர் பலர் எழுத்தறியாதவர். சிலர் குடிப்பழக்கம் உடையவர். சார்லசு டிக்கன்சு 1843, 1844 ஆம் ஆண்டுகளில் எழுதிய 'மார்ட்டின் சசில்விட்' என்னும் புதினத்தில் வரும் சேரி கேம்ப் என்னும் முதியவள் அவர்களுடைய கேலியுருவாக மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டாள். அத்தகையாரிடத்து மருத்துவர் எதிர்பார்த்தது, சொன்னதைச் செய்தால் போதும் என்பதே.

சவுத் பணிபுரிந்த அதே மருத்துவமனையில்தான் 1860 இல் நைட்டிங்கேல் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பட்டது. கிரிமியப் போரிலிருந்து மீண்ட புளோரன்சு நைட்டிங்கேல் அம்மையார்க்கு நன்றி காட்டுமுகத்தான் மக்கள் திரட்டித் தந்த ஏறத்தாழ 45,000 பவுன் அதற்கு முதலாயிற்று. முதலிற் சேர்ந்த பயிலுநர் பதினைவர். அவர்களைக் குறித்து மாதந்தோறும் ஓர் அறிக்கைத்தாள் நிரப்பப்பட்டது. செவிலியர் தொழிலின் தரத்தை எழுத்தில் வடித்த முதன்மையான ஆவணங்களுள் அத்தாளும் ஒன்றாதலின் அதனைச் சற்று நின்று நோக்குவோம். அதில் இரு பகுதிகள் இருந்தன. ஒன்று ஒழுக்கம் பற்றியது; மற்றது தொழில் பற்றியது. ஒழுக்கப் பகுதியில் காலந்தவறாமை, அமைதி, நம்பத்தகுதி, உடல் உடைத் தூய்மை, நோயாளர் கூடத்தை ஒழுங்குற வைத்தல் என ஐந்து தலைப்புகள். தொழிற் பகுதியில் பதினான்கு. ஒவ்வொன்றற்கும் மிக நன்று, நன்று, நடுத்தரம், குறையுடையது, சுழியம் என மதிப்பிடப்பட்டது.

இத்தாளினின்று இரண்டு செய்திகள் போதரும். ஒழுக்கத்தின் தலைப்புகள் ஐந்தாக, தொழிலறிவின் தலைப்புகள் பதினான்காக விரிந்தன. எனவே 'கற்பிக்க வேண்டுவது சிறிது' என்னும் சவுத்தின் கொள்கை அவர் மருத்துவமனையிலேயே மறுக்கப்பட்டது. மற்றொன்று, கீழ்ப்படிதல் என்பது அவ்வைந்தனுள் ஒரு தனித் தலைப்பாக இடம்பெறவில்லை. பள்ளியின் நடைமுறையில் தலைமைச் செவிலியாகிய வார்ட்ரோப்பர் அம்மையாரின் ஆணைக்குப் பயிலுநர் முற்றும் அடங்கியிருந்தனர் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் நைட்டிங்கேல் அம்மையார் கீழ்ப்படிதலைச் செவிலிக்குரிய இலக்கணமாகக் கொண்டாரல்லர். 1859 இல் வெளிவந்த அவருடைய 'செவிலியம் பற்றிய குறிப்புகள்' என்னும் நூலின் இறுதியில், ஆடவரும் மருத்துவரும் செவிலிக்குக் கூறும் இலக்கணம் ஈடுபாடும் கீழ்ப்படிதலும் என்ற அளவிலேயே நிற்பதைச் சுட்டி, அவ்விலக்கணம் சுமைதூக்குவோனுக்கும் பொருந்தும், குதிரைக்குங்கூடப் பொருந்தும் என எள்ளினார். அவர் வேண்டியது உற்றுநோக்கும் அறிவு. நோயாளியின் முகநிறம், மூச்சு, உறக்கம், உணவு ஆகியவற்றைக் கண்டு வேறுபாட்டை உணர்ந்து உரைக்கும் திறம் இல்லாதவளின் கீழ்ப்படிதலாற் பயனில்லை என்பது அந்நூல் முழுதும் ஊடுருவி நிற்கும் கருத்து.

இங்கு ஒரு முரணைச் சுட்டாது செல்லுதல் இயலாது. இன்று தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்று விழா நடைபெறும்போது மாணவியர் கூறும் 'நைட்டிங்கேல் உறுதிமொழி' அவ்வம்மையார் எழுதியதன்று. 1893 இல் அமெரிக்க நாட்டு டெட்ராயிட் நகரில் லிசுடிரா கிரெட்டர் என்பார் தலைமையில் அமைந்த குழு அதனை யாத்தது. மருத்துவர்க்கு அவர் பணியில் உண்மையோடு துணைநிற்பேன் என்னும் சூளுரை அதனுள் உண்டு. கீழ்ப்படிதலைக் குதிரையின் குணமென நகைத்தவர் பெயரால் அச்சூளுரை உலகெங்கும் வழங்குகின்றது.

இனிப் பதிவேட்டைப் பற்றிய பூசலுக்கு வருவோம். தூய பர்த்தலோமியூ மருத்துவமனையின் தலைமைச் செவிலியாக 1881 இல் அமர்ந்தவர் எதெல் கார்டன் மான்சன். அப்போது அவர்க்கு அகவை 24. 1887 இல் மருத்துவர் பெட்போர்டு பென்விக்கை மணந்து அப்பதவியை விட்டு நீங்கிய அவர், அவ்வாண்டிலேயே பிரித்தானியச் செவிலியர் சங்கத்தை நிறுவினார். மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சியும் தேர்வும் பெற்றவர் பெயர்களை மட்டும் கொண்ட பதிவேடு ஒன்று சட்டத்தால் நிறுவப்பட வேண்டும், அதனுள் இல்லாதவர் தம்மைப் பதிவு பெற்ற செவிலியர் எனக் கூறிக்கொள்ளுதல் கூடாது என்பது அவர் கோரிக்கை. எதிர்த்தவருள் தலையாயவர் நைட்டிங்கேல் அம்மையாரே. இலண்டன் மருத்துவமனையின் தலைமைச் செவிலி ஈவா லக்கசு அவரோடு நின்றார். செவிலியின் உயிர்நாடி குணம். குணத்தைத் தேர்வுத்தாள் அளவாது. ஒரு நாள் எழுதப்பெற்ற பெயர் மறுநாள் அவள் எத்தகையள் என்பதைக் காட்டாது. அவளை நாடோறும் காணும் தலைமைச் செவிலியே அவள் தகுதிக்குச் சான்று என்பது அவர்தம் வாதம்.

பரிமேலழகர் கூறிய நான்கையும் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். நைட்டிங்கேல் அம்மையார் முதலிரண்டையும், அதாவது அன்பையும் தூய்மையையும், பற்றி நின்றார். பென்விக் அம்மையார் பின்னிரண்டையும், அதாவது செயல்திறத்தையும் அறிவையும், பற்றி நின்றார். முன்னிரண்டும் உடனுறைந்து காண வேண்டியவை. பின்னிரண்டும் தேர்வால் அளத்தற்குரியவை. இருவர் கூற்றும் உண்மையே. எனினும் நைட்டிங்கேல் கட்சியினர் ஒன்றை நோக்கத் தவறினர். குணத்துக்குச் சான்று கூறும் தலைமைச் செவிலி மருத்துவமனையின் ஊழியர். அச்சான்றை மறுக்கவும் அவளைப் பணியினின்று நீக்கவும் வல்லது அம்மருத்துவமனையே. ஆணையிடுவோரும் அளப்போரும் ஒருவராகவே இருக்குமிடத்து, ஆணை தவறானதாயின் செவிலி எவரிடம் முறையிடுவாள்? இவ்வினாவைப் பென்விக் அம்மையார் இவ்வளவு வெளிப்படையாக எழுப்பினாரல்லர். தொழிலின் மதிப்பையும் பயிற்சியின் ஒருமையையுமே அவர் பெரிதும் வேண்டினார். ஆனால் அவர் கேட்ட பதிவேடு இதற்கு விடையாக அமைந்தது.

சங்கத்துக்கு 1893 இல் அரசுப் பட்டயம் கிடைத்தது. எதிர்ப்பின் வலியால் 'பதிவேடு' என்னும் சொல் அதினின்று நீக்கப்பட்டு, விண்ணப்பித்தோர் பெயர்ப்பட்டியல் என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. ஒரு சொல்லின் பொருட்டு இருசாராரும் இவ்வளவு பொருதமை, அச்சொல்லின் சட்ட வலிமையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தமையைக் காட்டும். இதற்கிடையே பிற நாடுகள் முந்தின. தென்னாப்பிரிக்கக் கேப் குடியேற்ற நாட்டில் 1891 இலும், நியூசிலாந்தில் 1901 இலும் செவிலியர் பதிவுக்குச் சட்டம் பிறந்தது. ஆங்கில நாட்டிலேயே மருத்துவச்சியர்க்கு 1902 இல் தனிச் சட்டம் வந்தது. மைய மருத்துவச்சியர் குழு அவர்க்கு விதிகள் வகுத்தது, தவறியவர் பெயரை நீக்கியது, ஊர்தோறும் மேற்பார்வையாளரை அனுப்பி அவர்தம் கருவிப்பையையும் குறிப்பேட்டையும் ஆராயச் செய்தது. மகப்பேற்றிற் பிழை நேரின் சாவு இரண்டாகும் ஆதலின் அரசு அங்கு முந்திக்கொண்டது போலும்.

பொதுமக்கள் அவையின் தெரிவுக்குழு 1905 இல் செவிலியர் பதிவு வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1908 இல் பிரபுக்கள் அவையில் அதற்கான மசோதாவைக் கொணர்ந்து நிறைவேறச் செய்தவர் ஆம்ப்தில் பிரபு. 1906 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் அவரே. பொதுமக்கள் அவையில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. பின்னர் முதல் உலகப்போர் வந்தது. சில வாரப் பயிற்சி பெற்ற தன்னார்வப் பெண்டிர் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளிற் புகுந்தனர். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது பொதுமக்களுக்குத் தெரியாத நிலை எவர் கண்ணுக்கும் புலனாயிற்று. 1918 இல் முப்பது அகவை நிரம்பிய பெண்டிர்க்கு, உரிய தகுதிகளுக்குட்பட்டு, வாக்குரிமை வந்தது. 1919 திசம்பர் 23 ஆம் நாள் செவிலியர் பதிவுச் சட்டம் நிறைவேறியது.

சட்டத்தின் வழி அமைந்த பொதுச் செவிலியர் அவையில் இருபத்தைவர். பதிவேடு 1921 இல் திறக்கப்பட்டபோது முதலெண் பென்விக் அம்மையாருடையது. முப்பத்துநான்கு ஆண்டுப் போராட்டம் இவ்வாறு முடிந்தது என எழுதி மேற்செல்லலாம். வரலாறு அவ்வளவு நேரியதன்று. முன்னரே தொழிலில் இருந்தவர்க்கு ஒரு வழி விடப்பட்டிருந்தது: 1919 நவம்பர் 1 ஆம் நாளுக்கு முன் மூன்றாண்டு மெய்யாகவே தொழில் நடத்தி, போதிய அறிவும் நன்னடத்தையும் உடையவர் பதிவு பெறலாம். பதிவுக் குழுவின் தலைவராகிய பென்விக் அம்மையார் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் துருவித் துருவி ஆராய்ந்தார். விண்ணப்பங்கள் குவிந்தன, பெயர்கள் ஏறவில்லை. 1921 திசம்பரில் அவையினருள் பெரும்பாலோர் பதவி துறந்தனர். விதிகள் மாற்றப்பட்ட பின்னரே பணி ஓடியது. 1923 இல் பதிவு பெற்ற செவிலியர் தம் அவையினரைத் தாமே தேர்ந்தபோது அவரைத் தேர்ந்தெடுத்தாரல்லர். பதிவேட்டைப் பெற்றுத் தந்தவரை அப்பதிவேட்டில் இருந்தவர்களே விலக்கினர். அவர்தம் கடுமையை யாம் குறைகூற விழையவில்லை. தரம் என்பதை முதன்முதல் நடைமுறைப்படுத்தும் எவர்க்கும் நேர்வதே அது. ஆயினும் ஐம்பது வயதுச் செவிலி ஒருத்தி தன் வாழ்நாட் பணியைத் தாளில் மெய்ப்பிக்க இயலாது நின்ற நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அச்சட்டம் ஆடவரை முதன்மைப் பகுதியிற் சேர்க்கவில்லை, துணைப்பகுதியொன்றில் ஒதுக்கியது. அவ்வேறுபாடு 1949 இல்தான் நீங்கியது. 'உழைச்செல்வான்' எனப் பொதுமை தோன்ற ஆண்பாலாற் கூறிய நம் மரபுக்கு இது வியப்பாகத் தோன்றும்.

சட்டத்தின் உள்ளுறையாக யாம் கருதுவது வேறொன்று. பெயர் நீக்கப்பட்ட செவிலி மூன்று திங்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் முறையிடலாம் என அது விதித்தது. மருத்துவமனை அவளைப் பணியினின்று விலக்கலாம். ஆனால் செவிலி என்னும் நிலையினின்று விலக்க அதற்கு இயலாது. அதனைச் செய்யத்தக்கது பெரும்பான்மையும் அவள் தொழிலினரைக் கொண்ட அவை. அவ்வவைக்கும் மேல் நீதிமன்றம். பணிக்கும் தலைவனும் ஒழுக்கம் ஆராயும் அவையும் இவ்வாறு வேறாயினமையின், பணித்ததைச் செய்யாமையும் ஒரோவழி ஒழுக்கமாதற்கு இடம் பிறந்தது. இடம் பிறந்ததே அன்றி வழக்கம் பிறக்கவில்லை. அதற்குப் பெருங்கொடுமை ஒன்று நிகழ வேண்டியிருந்தது.

செருமானிய நாட்டில் பிரசியப் பகுதியில் 1907 முதலே செவிலியர்க்கு அரசுத் தேர்வு இருந்தது. தேர்வு பெற்ற செவிலியரும் நாத்சி ஆட்சியில் நோயாளரைக் கொல்லும் பணியில் ஈடுபட்டனர். ஹடமார் மனநல மருத்துவமனையில் மருந்தை மிகையாகச் செலுத்திக் கொல்லப்பட்டோர் பலர். 1945 அக்டோபரில் அமெரிக்க இராணுவ ஆணையம் வீசுபாடன் நகரில் அவ்வழக்கை விசாரித்தது. அங்கு எடுத்து மொழியப்பட்டது போலந்து, சோவியத்து நாடுகளினின்று கொணரப்பட்ட தொழிலாளர் நானூற்றுக்கு மேற்பட்டோரின் கொலை. ஆண் செவிலியர் இருவர்க்குத் தூக்குத் தண்டனையும், தலைமைச் செவிலிக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன. மேலிடத்து ஆணை என்னும் எதிர்வாதம் ஏற்கப்படவில்லை. ஆனால் ஓபிராவால்டு என்னும் மற்றொரு மருத்துவமனையிற் பணிபுரிந்த செவிலியர் பதினால்வர் 1965 இல் மியூனிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது அனைவரும் விடுவிக்கப்பட்டனர். மருத்துவர் பணித்ததைச் செய்யவே தாம் பயிற்றப்பட்டதாக அவர்கள் கூறினர். பணித்தவாறு செய்யும் ஆற்றல் அவர்களிடம் குறைவற இருந்தது. அளவறிந்து மருந்து ஊட்டும் அறிவும் இருந்தது. அன்பு ஒழிந்த இடத்தில் பின்னிரண்டும் எதற்குக் கருவியாகும் என்பதை அம்மருத்துவமனைகள் காட்டின. நைட்டிங்கேல் அம்மையாரின் வாதம், அவர் காலத்தினும் பிற்காலத்தில் இவ்வாறு வலுப்பெற்றது.

பென்விக் அம்மையார் 1899 இல் நிறுவிய அனைத்துலகச் செவிலியர் பேரவை, 1953 இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ நகரிற் கூடியபோது முதன்முறையாக ஒழுக்கநெறித் தொகுப்பு ஒன்றை ஏற்றது. மருத்துவரின் ஆணையை அறிவோடும் உண்மையோடும் நிறைவேற்றல் செவிலியின் கடன். அறத்துக்கு மாறான செயலிற் பங்குகொள்ள மறுத்தலும் அவள் கடன் என அதன் விதியொன்று இரண்டனையும் ஒரே தொடரிற் பிணித்தது. பணித்தது செய்தலும் அறிந்து செய்தலும் முரணக்கூடியவை என ஒரு தொழில் தானே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இஃது என யாம் கருதுகின்றோம். தொகுப்பு 1973 இல் மெக்சிகோவில் திருத்தப்பட்டபோது, மருத்துவர் ஆணையை நிறைவேற்றும் கடன் என்னும் பகுதியே எடுக்கப்பட்டது. செவிலியின் முதற்பொறுப்பு, பேணுதலை வேண்டி நிற்பவரிடத்தது என எழுதப்பட்டது. ஆங்கில நாட்டிலும் பொதுச் செவிலியர் அவைக்குப் பின்வந்த அவைகள் இப்போக்கையே மேற்கொண்டன. செவிலியர், மருத்துவச்சியர் அவை 2002 இல் வெளியிட்ட நெறித்தொகுப்பு, செய்தவற்றுக்கும் செய்யாது விட்டவற்றுக்கும் செவிலியே விடையிறுத்தற்குரியவள், பிற தொழிலறிஞர் எவரேனும் அறிவுறுத்தியதோ பணித்ததோ அதற்கு மாற்றாகாது என விதித்தது.

சென்னை மாகாணத்தின் நிலையை இனிக் காண்போம். 1844 இல் தோன்றிய எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனையைச் சார்ந்து மருத்துவச்சியரைப் பயிற்றுதற்கு 1854 இல் அரசு இசைவளித்தது. பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871 இல் தொடங்கியது. வேலூரில் ஐடா சுகடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909 இல் செவிலியர் பள்ளி எழுந்தது. அதுவே 1946 இல் கல்லூரியாகிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பைத் தந்தது. சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926 இல் நிறைவேறி, அவையும் பதிவேடும் அமைய வழி செய்தது. பெயரைச் சேர்க்க மறுக்கவும் நீக்கவும் அவைக்கு அதிகாரம் தந்தது. ஆங்கில நாட்டில் முப்பத்திரண்டு ஆண்டு வாதத்தால் விளைந்த கருத்து ஈண்டு ஏழே ஆண்டில் வந்து சேர்ந்தது. வாதம் இன்றி வந்தமையால் அதன் பொருள் இங்கு ஆழ வேரூன்றவில்லையோ என ஐயுறுகின்றோம்.

இவ்வையத்துக்குக் காரணமும் உண்டு. போர் குழுவினர் 1946 இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 எனவும், 43,000 மக்களுக்கு ஒரு செவிலி எனவும் கணக்கிட்டது. (போர் என்பது குழுவின் தலைவராகிய சர் ஜோசப் போர் என்பாரின் பெயர், படையெடுப்பைக் குறித்ததன்று.) இத்தகைய பஞ்சத்தில் ஒழுங்கின் முதன்மையான வினா, செவிலி அறிந்து செய்தாளா என்பதாக இருத்தல் அரிது, செய்ய ஆள் இருந்ததா என்பதே முந்தி எழும். இரவில் ஒரு கூடம் முழுதும் தனித்து நிற்கும் செவிலி மருந்தில் தவறின், அத்தவறு அவளுடையதா, ஒருத்தியை மட்டும் அங்கு நிறுத்தியவருடையதா? பதிவேட்டிலிருந்து நீக்கக்கூடிய பெயர் அவளுடையது ஒன்றே. நிறுத்தியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தொழிலொழுங்கைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்து விடுகின்றனர்.

அரசுப் பணியிலுள்ள செவிலி இரு முறைமைகளுக்கு உட்பட்டவள். ஒருபுறம் அரசூழியர்க்குரிய நடத்தை விதிகள், மறுபுறம் பதிவேடு. முன்னது மேலதிகாரியின் ஆணையை மீறியமைக்கு ஒறுக்கும். பின்னது தொழிலின் நெறியை மீறியமைக்கு ஒறுக்கும். முன்னதன் கை நாடோறும் அவள்மேற் படுவது. பின்னதன் கையோ வாழ்நாளில் ஒருமுறையும் படாது போகலாம். ஆகவே சட்டத்தால் ஈரவைகள் இருப்பினும், நடைமுறையில் பணித்தது செய்தலே வலியுடையதாக நிற்கின்றது. சுசுருதர் கூறிய இலக்கணம் சரகர் கூறிய இலக்கணத்தை இன்னும் முந்துகின்றது என இதனை உரைப்பினும் பொருந்தும்.

1947 திசம்பர் 31 ஆம் நாள் பிறந்த இந்தியச் செவிலியர் அவைச் சட்டம், ஒரு மாகாணத்துத் தகுதி மற்றொன்றில் ஏற்கப்படவும் பயிற்சியின் தரம் ஒன்றாகவும் வழி செய்தது. பெயரை நீக்கும் அதிகாரம் மாகாண அவைகளிடமே இருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் வைத்தற்கெனத் தேசியச் செவிலியர், மகப்பேற்றுப் பணியாளர் ஆணையச் சட்டம் 2023 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆணையத்தின்கீழ் அது மூன்று வாரியங்களை வகுக்கின்றது. ஒன்று கல்விக்கு உரியது. மற்றொன்று நிறுவனங்களை மதிப்பிடுதற்கு உரியது. மூன்றாவதன் பெயர் ஒழுக்கநெறி, பதிவு வாரியம் என்பது. நைட்டிங்கேல் அம்மையார் பற்றி நின்ற சொல்லும் பென்விக் அம்மையார் பற்றி நின்ற சொல்லும் அப்பெயரில் அருகருகே எழுதப்பட்டுள்ளன.